கொக்குவிலை எழுதத் தெரியாத சிக்கனம்

யாழ்ப்பாணத்து மானிப்பாயின் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்துதான் 1841-இல் உதயதாரகைப் பத்திரிகையும், அடுத்த ஆண்டில் 58,000-க்கு மேற்பட்ட சொற்களோடு மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன. ஈய எழுத்தில் ‘கொ’ கோக்கும் தொழிலாளி ஒற்றைக்கொம்பை முதலில் வைத்து, அடுத்து ‘க’, அதன்பின் கால் என்று அடுக்க வேண்டும். கணினியின் ஒருங்குறியில் வரிசை வேறு: மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. அச்சுக்கோப்பவரின் கை செய்த இந்த இடமாற்றத்தை இன்று ஒரு நிரல் செய்தாக வேண்டும். அந்த நிரலுக்கு இடம் கொடுக்காத மென்பொருளைச் சிக்கனமானது என்று அழைக்கலாமா என்பதே என் கேள்வி. அச்சுத்தொழில் வேர்விட்ட இந்த ஊரின் சுற்றுவட்டாரப் பெயர்களையே அதற்கு உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன்.

லினக்ஸ் கணினிகளில் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று விழவிடாமல் திரையைப் பங்கிட்டு அடுக்கும் சாளர மேலாளர்கள் உண்டு. 2006-இல் அன்செல்ம் கார்பே தொடங்கிய டிடபிள்யூஎம் அவற்றில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அமைப்புகளை மாற்ற அதில் பட்டியல்கள் கிடையாது, கான்ஃபிக்.எச் என்ற சி மொழிக் கோப்பைத் திருத்தி, நிரலை மறுபடி தொகுக்க வேண்டும். நிரல் 2,000 வரிகளைத் தாண்டக்கூடாது என்பது அதை ஆக்கியோர் தமக்கே இட்டுக்கொண்ட வரம்பு. ஒரே அமர்வில் முழுவதையும் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய கருவி இது. கற்க விரும்பும் இளைஞருக்கு இதைவிட நல்ல பாடம் அரிது. ஆனால் ‘மானிப்பாய்’ என்று பெயரிட்ட கோப்பைத் திறந்தால் மேற்பட்டையில் ஏறக்குறைய சரியாகத் தெரியும் எழுத்து, ‘கொக்குவில்’ என்றதும் குலைகிறது. கொம்பு ககரத்துக்கு முன்னே போகாது. ‘கு’ ஒரே வடிவமாக இணையாது. ‘ஆனைக்கோட்டை’, ‘சுதுமலை’ ஆகியவற்றுக்கும் இதே கதி. டிடபிள்யூஎம் எழுத்து வரையப் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்டி நூலகம் குறிகளை வந்த வரிசையிலேயே வைக்கிறது. அவற்றை இடம்மாற்றி இணைப்பதில்லை.

மேற்பட்டையில் தெரியும் நாலு சொற்களுக்காக இவ்வளவு வாதமா என்று கேட்கலாம். டிடபிள்யூஎம்மை ஆக்கிய குழுவின் டிமெனு என்ற தேர்வுப் பட்டையிலும் எஸ்டி என்ற முனையத்திலும் இதே குறை இருக்கிறது. கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பவருக்கு இது நாள் முழுவதும் கண்ணை உறுத்தும். வேண்டியவர் ஒட்டு நிரல் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு பதில். சேர்க்கலாம், ஆனால் மூலநிரல் மாறும்போதெல்லாம் அந்த ஒட்டையும் திருத்த வேண்டிய சுமை தமிழருடையதாகிறது, ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு அந்தச் சுமை இல்லை. வலுவான மறுப்பு, எழுத்தை வடிவமைக்கும் நூலகத்தைச் சேர்த்தால் சிக்கனம் கெட்டுவிடும் என்பது. அந்த 2,000 வரிக் கணக்கில் எக்ஸ்லிப்பும் எக்ஸ்எஃப்டியும் இப்போதே சேர்வதில்லை. வெளி நூலகங்களை நம்பித்தான் டிடபிள்யூஎம் சிறியதாக இருக்கிறது. எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ்ஸையோ பாங்கோவையோ நம்புவது அந்த வழக்கத்துக்குப் புறம்பானதல்ல. 2007-இல் டிடபிள்யூஎம்மிலிருந்து பிரிந்த ஆசம், லூவா மொழியில் அமைப்பை எழுதவிட்டு, பாங்கோ வழியே எழுத்தை வரைகிறது. பைத்தானில் எழுதப்பட்ட க்யூடைலும் அப்படியே. நிரலாலேயே அமைத்துக்கொள்ளும் சுதந்திரமும் தமிழும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இவையே சான்று.

எதைக் குறைக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் தமிழ் தெரிந்தவர் இருந்தால் இந்தக் குறை தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தில் சாளர மேலாளர் எழுதப் பழகும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள்: வரிகளை எண்ணுமுன் உங்கள் ஊர்ப்பெயரை அதில் எழுதிப் பாருங்கள். பிழை தெரிந்தால் உங்கள் கணினியில் மட்டும் சரிசெய்து நிறுத்திவிடாமல், திருத்தத்தை மூலத்திட்டத்துக்கே அனுப்புங்கள்.