பர்ஸ் ஓரத்துக் கோடு

மே மாதம் லீவு விட்டதும் அம்மா என்னைத் தாராவிக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அணுசக்தி நகர் கேட்டிலிருந்து கோவண்டி ஸ்டேஷனுக்கு பஸ். ஹார்பர் லைனில் குர்லா. அங்கே பாலம் ஏறி இறங்கி சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டியில் சயான். எங்கள் காலனியில் சாலைக்கு இருபுறமும் மரம், பின்னால் டிராம்பே மலை, சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் பஸ்கள். விருந்தாளி வந்தால் கேட்டில் பெயர் எழுதிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தாராவியில் யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லை. சயானில் இறங்கி நடந்தால், கடை வருவதற்கு முன்பே தோலும் சொல்யூஷனும் கலந்த வாடை வந்துவிடும்.

மாமாவின் பட்டறை ஏணி வைத்து ஏறும் மாடி. நிமிர்ந்து நின்றால் தகரம் தலையில் இடிக்கும். ஆகவே எல்லோரும் சம்மணம் போட்டுத்தான் வேலை. ஒருவர் தோல் வெட்டுவார், ஒருவர் சலவைக்கல் துண்டின் மேல் தோலைப் போட்டு ராம்பிக் கத்தியால் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவார், ஒருவர் ஒட்டுவார், மூலையில் தையல் மெஷின். மாமாவுக்கு ஜன்னலோரம். அவர் கோடு போடுகிறவர்.

பர்ஸை விரித்துப் பாருங்கள். ஓரத்துக்கு உள்ளே, தையலை ஒட்டி அழுந்திய ஒரு கோடு ஓடும். கார்டு செருகும் பைகளின் வாயிலும் அப்படியே ஒன்று. கையில் இருப்பது நல்ல பர்ஸாக இருந்தால் இருக்கும், மட்டமானதாக இருந்தால் இருக்காது, அல்லது அச்சில் அமுக்கியதாக இருக்கும். இன்றைக்கும் யாராவது பர்ஸை எடுத்தால் என் கண் பணத்துக்குப் போவதில்லை, ஓரத்துக்குத்தான் போகிறது.

ஸ்பிரிட் விளக்கில் கோடு போடும் இரும்பைக் காட்டி, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோல ஈரத்துணியில் ஒரு தொடு தொடுவார் மாமா. சுர்ரென்றால் இன்னும் சூடு அதிகம். துணி முனகி அடங்கும் பதத்தில், முதலில் ஒரு கழிவுத் துண்டில் இழுத்துப் பார்ப்பார். தோல் கருகக்கூடாது, கொஞ்சம் நிறம் இறங்கிப் பளபளக்க வேண்டும். பிறகுதான் பர்ஸ். பர்ஸ் ஓரத்தில் இரும்பை வைத்துத் தன் பக்கமாக ஒரே இழுப்பு. அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்று சட்டமெல்லாம் இல்லை, ரேடியோ பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் ஏணியில் யாராவது ஏறினால் தரை ஆடும். அப்போது வரும் கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

“லேய் மருமவனே, கைய ஓட்டாத, ஒடம்ப ஓட்டு. நடுவுல நின்னியோ, நின்ன இடம் கருத்துரும்” என்பார். மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து பின்னுக்குச் சாய்ந்தால் கோடு நேராக வரும். மூலையில் இன்னொரு தொல்லை. இரண்டு கோடுகள் சந்திக்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. கடைசி நூலிழையில் இரும்பைத் தூக்க வேண்டும். எனக்குக் கொடுத்ததெல்லாம் கழிவுத் துண்டுகள்தான், அவற்றில் எல்லா மூலையிலும் கோடு தாண்டித் தாண்டி ஓடியது.

எல்லாத் தோலுக்கும் சூடு வேண்டியதில்லை. ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் பஞ்சை நனைத்துத் தடவி, ஈரம் உள்ளே இறங்கி மேலே பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை காத்திருந்தால் போதும். அப்போது சும்மா ஒரு மழுங்கிய எலும்பு முனையால் கீறினாலும் கோடு விழும். காய்ந்த பின் அப்படியே நிற்கும். பட்டைச் சத்து நாரின் இடுக்குகளை அடைத்துக்கொள்வதால் தோலுக்கு அந்தக் கெட்டித்தன்மை. குரோம் போட்ட தோல் அப்படியல்ல. ரப்பர் மாதிரி மீண்டுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் மறுநாள் கோடு பாதி போயிருக்கும். பர்ஸுக்கு வருவதெல்லாம் அநேகமாகக் குரோம் தோல்தான், அதனால்தான் அந்த ஸ்பிரிட் விளக்கு.

தோலின் பயணமே விசித்திரம். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவநாருக்கு வந்தது. தேவநார் எங்கள் காலனிக்குப் பக்கம். அங்கே உரித்த தோல் தாராவிக்குப் போகும், உப்புப் போட்டு அடுக்குவார்கள். பிறகு தெற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று போய்ப் பதமாகி, திரும்பத் தாராவிக்கே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புகள் போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சனம் அந்த வேலைக்குத்தான் முதலில் வந்து இறங்கியது. என் தாத்தாவும் அதில் ஒருவர். சுண்ணாம்புக் குழியில் நின்ற கால் அவருக்கு.

காலனியில் அம்மா இதைச் சொல்ல மாட்டாள். “தம்பி பம்பாயில பிசினஸ்” என்பாள், நாங்களும் பம்பாயில்தான் இருக்கிறோம் என்பதை மறந்து. மாமா கொடுத்தனுப்பிய பென்சில் பையை ஒரு வீட்டில் காட்டியபோது, அந்த வீட்டம்மா கையை நீட்டாமல் “மாட்டுத்தோலா, ஆட்டுத்தோலா?” என்று கேட்டார். அவர் வீட்டுக்காரரின் பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டிடம் யாரும் ஜாதி கேட்டதாகத் தெரியவில்லை.

காலனியில் அதே மாடியில் இருந்த வங்காளி மாஷி வீட்டில் கதை வேறு. அவரிடம் ஒரு சாந்திநிகேதன் பை இருந்தது. இலையும் கொடியும் கோலமுமாகத் தோலில் கோடு கீறி, கோட்டுக்குள் சிவப்பும் பச்சையும் தீட்டிய பை. தாகூர் 1922இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனில் அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் வளர்த்த தொழில் அது. மாஷி அதைப் பூஜை சாமான் மாதிரி எடுத்துக் காட்டுவார். தாகூர் பெயர் சேர்ந்தால் தோலும் கலையாகிவிடுகிறது. கேட்டு வாங்கி மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். “பட்டத் தோலு. நம்மூருச் சரக்குதாம்லே” என்றார். உண்மைதான். அந்தப் பைகளுக்குப் போவது பட்டை போட்ட ஆட்டுத்தோல், தமிழ்நாட்டில் பதனிடுவது. மாமாவை அசத்தியது வளைவுகள். “நேர் கோடு எவனும் போடுவான். இந்தா, இந்த எலக் காம்பு திரும்புது பாரு, எங்கயும் தடிக்கல” என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். அன்று சாயங்காலம் நனைத்த பட்டைத்தோல் துண்டில் ஒரு மாவிலை கீறிப் பார்த்துவிட்டு, தூக்கி மூலையில் எறிந்தார்.

“தையல்தான் இருக்கே மாமா, கோடு எதுக்கு?” என்று கேட்டிருக்கிறேன். மடித்து ஒட்டிய ஓரம் சூட்டில் அமுங்கி இறுகும் என்றார். தையலே இல்லாத கார்டு பை வாயில் எதற்கு? அதற்கு வியாபாரி காசு தருவதில்லை, தராததை மாமாவே திட்டிக்கொண்டிருப்பார். “பத்து பர்ஸ பரப்பி வையி. வாங்க வந்தவன் கை மொதல்ல எதுக்குப் போவுதுன்னு பாரு.” ஒரு நாள் கடையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். அவர் சொன்னது பாதிதான் நடந்தது. மீதிப் பாதிப் பேர் விலையைக் கேட்டுவிட்டு ரெக்ஸின் பர்ஸை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்பா டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர். மச்சினன் வேலையைப் பற்றி அவர் பேசியதில்லை. ஒரு தடவை என்னைக் கூட்டிப்போக வந்தவர், மாமாவின் கோட்டு இரும்பை எடுத்து முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்து, “இதுல எப்படிய்யா வேல பாக்க? சொரசொரங்கு” என்றார். வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு ஆணியைக் கூட வெளியே கொண்டுவர முடியாது. அதனால் குர்லா பழைய இரும்புக் கடையில் ஒரு கம்பி வாங்கி வந்தார். பால்கனியில் வைஸ் கட்டி, கம்பியின் முனையை ரம்பத்தால் பிளந்து இரண்டு காலாக்கினார். வெளியே தொங்கும் கால் வழிகாட்டி, அது கொஞ்சம் நீளம். தோல்மேல் ஓடும் கால் குட்டை, முனை உருண்டை. அரம், பிறகு உப்புத்தாள், பிறகு எண்ணெய் விட்டு ஜீரோ நம்பர் தாள். கண்ணாடியாக மின்னும்வரை விடவில்லை. முனையில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் அத்தனை பர்ஸிலும் விழும் என்றார். இரண்டு காலுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று மாமாவின் பர்ஸிலிருந்தே கேலிப்பரில் அளந்திருந்தார்.

மாமா அதை உடனே மெச்சவில்லை. கைப்பிடி கனம் என்றார், சூடு சீக்கிரம் ஆறுகிறது என்றார். அடுத்த லீவுக்குப் போனபோது பட்டறையில் எல்லோர் கையிலும் அது சுற்றிக்கொண்டிருந்தது, “எவம்லே எடுத்தான்?” என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

“அத்தான், பெல்ட்டுக்கு ஒண்ணு வேணும். காலு ரெண்டும் கொஞ்சம் அகட்டி.”

“எத்தன மில்லி?”

மாமா சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். “இம்புட்டு.”

அப்பா எழுந்து போய் கேலிப்பரை எடுத்து வந்தார்.