பானையின் கழுத்தில் ஒரு பெயர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் மயிலாப்பூரில் எங்கள் பெரியப்பா வீட்டைக் காலி செய்தோம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். பரணிலிருந்து இறங்கிய அண்டா, தவலை, அடுக்கு, கூஜா எல்லாம் கூடத்தில் மலையாகக் குவிந்தன. பழைய பாத்திரம் வாங்குகிறவர் தராசோடு வந்துவிட்டார். "எல்லாம் பித்தளைதாம்மா, ஒரே ரேட்டு" என்றார்.

எனக்குள் இருக்கும் டீச்சர் சும்மா இருப்பாளா? ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தேன். பித்தளை 'டொக்' என்று அடங்கிவிடும். வெண்கலம் கோயில் மணி மாதிரி கொஞ்ச நேரம் ரீங்காரமிடும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும், விலையும் அதிகம். வெண்கலப் பானை வார்ப்பு என்பதால் கனமாக இருக்கும், கீழே போட்டால் நசுங்காது, உடையும். நம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு முழுக்க வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று பாட்டிகள் கத்தினார்கள்.

அப்படிச் சுண்டிப் பார்த்ததில் ஒரு வெண்கலப் பானை நன்றாகப் பாடியது. எங்கள் வீட்டுப் பொங்கல் பானை! சின்ன வயதில் தை முதல் நாள் அதைச் சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியிருக்கிறோம். கழுத்தில் ஏதோ புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மங்கியிருந்தது. கோலமாவைத் தடவித் துடைத்தேன். பள்ளத்தில் மாவு நின்று எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது.

"கற்பகாம்பாள் துணை. சௌ." அதன் பிறகு ஒரு பெண் பெயர். "விஷு வருஷம் ஆனி."

அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் யாருமே கிடையாது. பெரியம்மா பெயர் வேறு. கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரையும் கேட்டேன். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

சரி, கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தேன். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். விஷு என்றால் 1881, 1941, 2001. 'துணை'யில் இருந்த 'ணை' தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அதை மாற்றி எழுதிப் பழகியது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆக, 2001 இல்லை. 'சௌ.' என்றால் சௌபாக்கியவதி, கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண் பெயருக்கு முன்னால் போடுவது. எனவே இது ஒரு பெண்ணுக்கு வந்த கல்யாணச் சீர். 1881இலா, 1941இலா?

அடையாறில் இருக்கும் எங்கள் அத்தைக்குப் போன் போட்டேன். வயது தொண்ணூற்றிரண்டு. பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அவ உங்க பெரியப்பாவோட மூத்தாள்டி. எனக்கு அப்போ எட்டு வயசு. எனக்குத் தலை பின்னி விடுவா. மறு வருஷமே பிரசவத்துல போயிட்டா. குழந்தையும் தங்கல. பதினேழு வயசுகூட ஆகல. அப்புறம் உங்க பெரியம்மா வந்தா. வந்தவ மனசு நோகக் கூடாதுன்னு அந்தப் பேரை யாரும் எடுக்கறதில்ல. அப்படியே மறந்தும் போச்சு."

அவளுக்குப் படம் கிடையாது. திதி கொடுக்கப் பிள்ளை கிடையாது. அவள் இருந்தாள் என்பதற்கு இந்தப் பானையின் கழுத்து ஒன்றுதான் சாட்சி. வருஷா வருஷம் அவள் பானையில்தான் நாங்கள் எல்லோரும் பொங்கல் சாப்பிட்டிருக்கிறோம், அவள் பெயர் தெரியாமல்.

பெரியம்மாவின் பிள்ளை, எங்கள் அண்ணா, எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரக்காரரிடம், "இதை நிறுக்க வேணாம்ப்பா" என்றார். பானை இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.

நான் யோக்கியம் என்று நினைக்காதீர்கள். 1983இல் தி. நகரில் ஒரு கடையில், அம்மா பெயர் வெட்டிய இரண்டு பித்தளைத் தவலைகளைப் போட்டுவிட்டு எவர்சில்வர் டிபன் கேரியரும் நாலு டப்பாவும் வாங்கி வந்தேன். தேய்க்க முடியவில்லை, ஈயம் பூச ஆள் வருவதில்லை என்று அதற்கு நியாயமும் சொன்னேன். அம்மா டிபன் கேரியரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தவலைகள் அந்த மாதமே உருகியிருக்கும்.

அகமதாபாத்தில் விஷாலா என்ற இடத்தில் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நம் ஊரில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் பழைய வீடுகளையும் வீட்டுச் சாமான்களையும் பார்க்கலாம். ஆனால் நம் வீட்டுப் பெண்களின் பெயரை நம்மைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

அதனால், பல வருஷம் கழித்து ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பழைய பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். கழுத்து, அடிப்பக்கம், கைப்பிடி எல்லாம் பாருங்கள். பெயர், தேதி, ஊர் எது இருந்தாலும் போட்டோ எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெரியாத பெயர் என்றால் வீட்டில் மூத்தவர் யாரோ அவரை இன்றைக்கே கேளுங்கள், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். தராசில் ஏற்றுமுன் படித்துவிடுங்கள், அது போதும்.

கண்டுபிடித்த பெயர்களைக் கீழே எழுதுங்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் படிப்பேன்.