குறைதீர்க்கும் நாள்

"ஐயா, நான் பிறந்தது முதல் கறுப்பு. கடந்த வெள்ளிக்கிழமை இரவு என்னைக் குளிப்பாட்டுவதாகச் சொல்லி வெந்நீரில் இறக்கிய என் முதலாளி, என்னை அப்படியே மறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் நான் பாசி பிடித்த படித்துறையின் நிறத்தில் கிடக்கிறேன். என் பழைய நிறத்தை மீட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள எபோனைட் பேனா."

எங்கள் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட முதல் மனு இது. திருச்சியில் ஒரு மாடி அறையில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மைப்பேனா பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் கூடுவோம். பேனா சேர்ப்பவரைக் கலெக்டர் என்கிறார்கள். கலெக்டர் இருக்கிற இடத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்க வேண்டாமா என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து கூட்டத்துக்கு அதுதான் பெயர். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை, எங்களுக்கு ஞாயிறு. பேனாவைப் பழுதாக்கியவர், அந்தப் பேனாவே பேசுவதுபோல ஒரு மனு எழுதி வந்து எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பேனா எழுதும் நிலையில் இருந்தால் அதைக் கொண்டே எழுத வேண்டும்.

வாசித்து முடிக்கும்வரை சிரிப்போம். முடிந்ததும் மூன்று கேள்வி கேட்போம். எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம்? எதில் ஊறவைத்தீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் மனு தள்ளுபடி.

பத்தொன்பது வருஷமாகப் பேனா பழுது பார்க்கிறேன். நன்றாக முடிந்த வேலையைப் பற்றிச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும், அதிலிருந்து கேட்பவருக்குக் கிடைப்பது அதிகமில்லை. பாழான பேனாவில்தான் கை எந்தக் கணத்தில் தப்பியது என்று தெரிகிறது. ஆனால் பாழாக்கியவர் அதை வெளியே சொல்ல வேண்டுமே! பழுது பார்ப்பவர்கள் தவறை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள், நானும் பூட்டியிருக்கிறேன். மனு எழுதத் தொடங்கிய பிறகுதான் இழுப்பறைகள் திறந்தன. சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து வருகிறவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

எபோனைட் மனுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கியதுதான் எபோனைட். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் எங்கள் திருச்சியிலும் அந்தக் கட்டையைக் கடைசல் பிடித்துப் பேனா செய்கிறார்கள். கையில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், வழுக்காது. அதனால்தான் எனக்கு அதன்மேல் தீராத ஆசை. வெயிலும் வெளிச்சமும் பல வருஷமாக அதன் மேற்பரப்பை மெல்ல மெல்ல மாற்றி வைத்திருக்கும். பார்வைக்குத் தெரியாது. வெந்நீரில் ஊறினால் அத்தனையும் ஒரே இரவில் பழுப்புப் பச்சையாக வெளியே வந்துவிடும். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் எங்களில் நாலு பேர் இருந்தோம். படித்துறைப் பாசி என்று ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகுதான் எட்டுப் பேரும் எபோனைட்டை வெந்நீரில் போடுவதை நிறுத்தினோம்.

செல்லுலாய்டு மனு வேறு ரகம். மூன்று வரிதான். "எனக்குக் கற்பூர ஆரத்தி காட்டியிருக்கலாம். என்னையே கற்பூரமாக்கியிருக்க வேண்டாம். நான் இப்போது சாம்பலாக இருப்பதால் இந்த மனுவை என் மூடி எழுதுகிறது." வாசித்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்து இறுகிப்போன பழைய செல்லுலாய்டு பேனாவை, லேசாகச் சூடு காட்டினால் கழன்றுவிடும் என்று கேஸ் அடுப்பின் மேல் நீட்டியிருக்கிறார். செல்லுலாய்டு நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள். அந்தக் காலத்துச் சினிமாச் சுருள்கள் இதே இனம்தான், தியேட்டர்களைக் கொளுத்தியவை. பேனா 'புஸ்' என்று ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. நல்லவேளை, தொட்டித் தண்ணீர் பக்கத்தில் இருந்தது, அவர் விரல் நுனியோடு போயிற்று. வீடெல்லாம் கற்பூர வாசனை. கூடத்தில் இருந்த அவருடைய அம்மா, எண்பது தாண்டியவர், உட்கார்ந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இந்நேரத்தில யாருப்பா ஆரத்தி காட்டறது?" என்று கேட்டிருக்கிறார்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவரவர் பெட்டியிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து எது செல்லுலாய்டு, எது வேறு பிளாஸ்டிக் என்று பிரித்தோம். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்தால் பழைய செல்லுலாய்டில் இன்றும் கற்பூர வாசனை வரும். அன்று மாலை முழுக்க எட்டுப் பேர் பேனா மூடிகளை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தோம். டீ கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

நிப்பு பறந்த கதை இதைவிடச் சின்னது. பல் செட் செய்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார், எங்கள் எல்லோரிலும் கை நயமானவர். நிப்பையும் அதன் அடியில் இருக்கும் நாக்கையும் கழுத்திலிருந்து எடுக்க, பின்பக்கமாக ஒரு குச்சியை வைத்துத் தட்டுவோம். கீழே துணி விரித்திருக்க வேண்டும். அவர் விரிக்கவில்லை. மூன்றாவது தட்டில் நாக்கு காலடியில் விழுந்தது, நிப்பைக் காணோம். டார்ச் அடித்து, பாயைச் சுருட்டி, வேட்டி மடிப்பை உதறி, முக்கால் மணி நேரம் தேடினோம். கடைசியில் தட்டில் இருந்த பூவன்பழச் சீப்பில், நடுப்பழத்தில், முனை உள்ளே போய்ச் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. தமிழாசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார். "வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல என்று முப்பது வருஷம் வகுப்பில் சொன்னேன், இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். நிப்புக்குக் காயமில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பிளவின் இருபுறமும் ஒரே மட்டத்தில் இருந்தன. பழத்தை நாங்கள் சாப்பிடவில்லை.

மை நேராகக் கட்டைக்குள் ஊற்றும் பேனாக்கள்தான் நம் ஊரில் அதிகம். வெளிநாட்டுச் சின்ன கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிகூடப் பிடிக்காது, இதில் மூன்று மில்லிக்கு மேலும் பிடிக்கும். வசதிதான், ஆனால் மை கால்வாசிக்கு இறங்கிவிட்டால் மிச்ச இடம் முழுவதும் காற்று. கைச்சூட்டில் காற்று விரியும், விரிந்த காற்று மையைத் தள்ளும், நிப்பு முனையில் சொட்டு நிற்கும். நண்பர் ஒருவர் தம் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகை எழுத இப்படிப்பட்ட பேனாவைக் கொண்டுபோனார். நல்ல நேரம் வரட்டும் என்று அரை மணி நேரம் பேனாவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். மஞ்சள் தடவிய தாளில் மாப்பிள்ளை பெயரை எழுதி முடித்ததும் அதன்மேலேயே நீலச் சொட்டு விழுந்தது, உளுந்தளவு. கூடம் அமைதியாகிவிட்டது. பெண்ணின் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பையன் செவப்பா இருக்கானே, திருஷ்டிப் பொட்டு வேண்டாமா? அதான் தானா விழுந்திருக்கு" என்றார். மேளம் தொடர்ந்தது. இப்போது எங்கள் கூட்டத்தில் இந்தக் கோளாறுக்குப் பெயரே திருஷ்டிப் பொட்டுதான். மை பாதிக்குக் கீழே போனதும் நிரப்பிவிடுங்கள் என்று நான் யாருக்கும் விளக்குவதில்லை. "பொட்டு வைக்கப் போகுது" என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

என்னுடைய மனுவைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் ஓர் அம்மா தன் அப்பாவின் பார்க்கர் 51 பேனாவைக் கொண்டுவந்தார். 1941-ல் விற்பனைக்கு வந்த பேனா அது. நிப்பு கண்ணுக்குத் தெரியாது, முனை மட்டும் கிளி மூக்கு போன்ற உறைக்கு அடியில் எட்டிப் பார்க்கும். அந்த மூக்குக்குள் மெல்லிய தகடுகளாகச் செதுக்கிய ஓர் உறுப்பு உண்டு. அதிகப்படியாக வரும் மையை அந்த இடுக்குகள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் பெயரே கலெக்டர். இந்தப் பேனாவில் கலெக்டருக்குள் மை காய்ந்து கல்லாகியிருந்தது. மூக்கைக் கழற்றினால்தான் சுத்தம் செய்ய முடியும். மூக்கை ஒட்டியிருப்பது அரக்கு.

அரக்குக்கு வழி உலர்ந்த சூடு. தலைமுடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் அளவுக்குச் சூடேற்றி, சைக்கிள் ட்யூப் துண்டால் சுற்றிப் பிடித்துத் திருக வேண்டும். வராவிட்டால் ஆறவிட்டு மறுபடியும், அன்று வராவிட்டால் மறுநாள். நான் நாலு முறை செய்தேன், வரவில்லை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது எனக்குத் தெரியும். பஞ்சில் நனைத்து இணைப்பைச் சுற்றி வைத்தேன். ஆனால் அந்த மூக்கும் கட்டையும் அக்ரிலிக். கடையும்போது உள்ளே தங்கிய இறுக்கம், ஸ்பிரிட் பட்டால் மயிரிழை வெடிப்பாக வெளியே வரும். அதுவும் எனக்குத் தெரியும். அந்தச் சாயங்காலம் அரக்கைப் பற்றி மட்டும் நினைத்தேன், அக்ரிலிக்கை நினைக்கவில்லை. பஞ்சை எடுத்தபோது மூக்கின் ஓரத்தில் ஐந்தாறு வெள்ளிக் கோடுகள். விரலால் துடைத்தேன், போகவில்லை.

மூக்கு கழன்றது, கலெக்டர் சுத்தமானார், மை சீராக இறங்கியது. கோடுகள் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். "ஐயா, என் மூக்குக்குள்ளேயே ஒரு கலெக்டர் இருக்கிறார். இருந்தும் என் மூக்கைக் காப்பாற்ற ஆளில்லை." அதற்குமேல் வாசிக்க எனக்குக் குரல் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பிறகு பல் செட் நண்பர் மெதுவாக, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றேன். "எதில?" என்றார் இன்னொருவர். சொன்னேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் பேனாவோடு மனுவையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மனுவை ஏன் எடுத்துப்போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, நடந்ததை அதைவிட நேராக என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கலெக்டர் வரியில் சிரித்துவிட்டார். தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. "உட்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அதே பேனாவை எடுத்து, மனுவின் ஓரத்தில் எழுதினார்:

"மனு விசாரிக்கப்பட்டது. மனுதாரரின் மூக்கில் உள்ள கீறல்களால் எழுத்துப் பணிக்கு இடையூறு இல்லை எனத் தெரியவருவதால், மனுதாரர் உடனடியாகப் பணியில் சேர உத்தரவிடப்படுகிறது. மனுதாரரை இனி ஸ்பிரிட்டுக்கு அருகில் கொண்டுசெல்லலாகாது."

கையெழுத்து, தேதி. நீலக் கறுப்பு மை.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கீழிறங்கும் கோடுகள் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து வருகின்றன. நிப்பு முனை இடப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது, அவருடைய அப்பா பிடித்த பிடியில். மட்டம் செய்து தரட்டுமா என்று நான் கேட்கவில்லை.