ஓய்வு கேளாத தாய்



அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே இரண்டு ஸ்திரீகளின் பெயர்கள் வருகின்றன. ஒருவர் பாட்டியாகிய லோவிசாள், மற்றவர் தாயாகிய ஐனிக்கேயாள். அவர்கள் எத்தனை ஆத்துமாக்களை ஆதாயப்படுத்தினார்கள், எந்தச் சபையைக் கட்டினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்களுக்குள் இருந்த விசுவாசம் ஒரு வாலிபனுக்குள்ளும் வந்து நிலைத்தது என்பதையே சொல்லுகிறது. ஒரு தாயின் வாழ்க்கையை நினைவுகூர இதைவிட மேலான அளவுகோல் வேறு உண்டோ?

அந்த அளவுகோலின்படி, நம்முடைய தமிழ் மண்ணிலே உழைத்து, அந்த மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்ட ஒரு தாயாரை இம்மாதம் உங்களோடு நினைவுகூர விரும்புகிறேன். அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட். முதிர்வயதில் எல்லாராலும் 'கிரானி பிராண்ட்', அதாவது பிராண்ட் பாட்டி, என்று அழைக்கப்பட்டவர். அவர் நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர் அல்லர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வழியாக வந்தவர். வேதாகமக் கல்லூரியில் மிஷனெரி சரித்திரம் பயின்ற நாட்களில் அவரைக் குறித்து முதன்முதலாக வாசித்தேன். ஆனாலும் மட்டாஞ்சேரியில் ஊழியம் செய்ய வந்து, பிழைப்புக்காகப் பிரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்களை வீடு வீடாகச் சந்தித்தபோதுதான் அவருடைய வாழ்க்கையின் ஆழம் எனக்கு விளங்கிற்று.

1879-ஆம் ஆண்டு லண்டனில் செல்வந்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஈவ்லின். ஓவியம் தீட்டுவதில் மிகுந்த ஈடுபாடு உடையவர். 1911-இல் சென்னைக்கு வந்தார். 1913-இல் ஜெஸி பிராண்ட் என்னும் மிஷனெரியை மணந்து, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் குடியேறினார். இக்காலத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கிறது. அக்காலத்தில் ஒற்றையடிப் பாதையும் மலைக்காய்ச்சலுமே இருந்தன. அங்கே அவர்கள் மருந்து கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், நரம்புச் சிலந்தி நோய் பரவாதபடி கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கற்பித்தார்கள்.

1918-இல் உலகமெங்கும் பரவின கொள்ளைக் காய்ச்சல் பின்பு அம்மலையையும் எட்டியது. சொந்த ஜனங்களே நோயாளிகளை விட்டு விலகினபோது, பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று வாயில் ஊட்டினார்கள். அவர்களை எதிர்த்து வந்த ஒரு பூசாரியும் மரணப்படுக்கையில் கிடந்தார். தம் பெண்குழந்தையை அவர் இவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். தாங்கள் பெற்ற இரண்டு பிள்ளைகளோடு அக்குழந்தையையும் ஈவ்லின் வளர்த்தார்.

பிரியமானவர்களே, பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கொச்சிக்கு வந்த தாய்மார் இதை வாசிப்பீர்களானால், அடுத்த பகுதி உங்கள் இருதயத்தைத் தொடும். 1923-இல் தம் மகன் பாலையும் மகள் கோனியையும் படிப்பிற்காக இங்கிலாந்திலுள்ள உறவினரிடம் விட்டுவிட்டு ஈவ்லின் மலைக்குத் திரும்பினார். மகனுக்கு அப்போது வயது 9. அதன்பின் கடிதங்களே தாய்க்கும் பிள்ளைக்கும் பாலமாயின. 1929 ஜூன் மாதம் ஜெஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். மரணச் செய்தி தந்தி மூலம் மகனுக்கு எட்டிய பின்னும், தகப்பன் முன்னரே எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பல் வழியாக வந்துகொண்டே இருந்தன. பின்பு இங்கிலாந்துக்கு வந்த தாயாரைத் துறைமுகத்தில் கண்ட மகன், துக்கத்தினால் ஒடுங்கி முதுமை தட்டிய அவ்வுருவம் தன் தாய்தானோ என்று திகைத்தாராம். பிரிவுக்கு விலை உண்டு. அவ்விலையை அந்தத் தாயும் செலுத்தினார், பிள்ளைகளும் செலுத்தினார்கள்.

விதவையாகிய ஈவ்லின் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். எழுபது வயதை நெருங்கினபோது மிஷனின் விதிப்படி ஓய்வு பெற வேண்டியதாயிற்று. ஓய்வும் பெற்றார். ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. மிஷனின் ஆதரவு இல்லாமலே மலையேறி, சிறு குடிசை ஒன்றை அமைத்துக்கொண்டு, தாமும் கணவரும் கண்ட தரிசனத்தைத் தொடர்ந்தார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை முதலான மலைத்தொடர்களுக்கும் குதிரையில் ஏறிச் சென்றார்.

அதற்குள் மகன் பால் பிராண்ட் 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகி, தொழுநோயால் முடங்கின கைகளை மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். தாயின் இடுப்பெலும்பு முறிந்தது, அவருடைய 75-ஆம் வயதில். இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் ஒருவர் கண்டார். நால்வர் கட்டிலில் சுமந்து மலையிறக்க, பின்பு ஜீப்பில் 150 மைல் பயணம். இதற்குப்பின் மகன், "அம்மா, இனி போதும்" என்று மன்றாடினார். தேவன் அழைத்த இடத்தில் பயன்படாவிட்டால் இந்தக் கிழட்டுச் சரீரத்தைப் பாதுகாத்து வைப்பதில் என்ன பயன் என்பதே தாயின் மறுமொழி. எலும்பு முறிவுகளைச் சீராக்குகிற மருத்துவரால் அந்தத் தீர்மானத்தை அசைக்க முடியவில்லை. இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு அவர் மறுபடியும் மலையேறினார். தம் கடைசி 20 ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை. 93-ஆம் வயதில் குதிரையேற இயலாதபோது கிராமத்தார் அவரைத் தூளியில் சுமந்து சென்றனர். 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் விருப்பத்தின்படியே சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகே அடக்கம்பண்ணினார்கள்.

அந்த முதியவளை மலையிலேயே விட்டது மகனின் அன்பின்மையோ? அல்ல. எலும்பு முறிந்தபோது ஓடி வந்தவரும் அவரே. பாதுகாப்பதும் அன்புதான், அழைப்பை மதிப்பதும் அன்புதான்.

இதை ஏன் நமக்கு எழுதுகிறேன்? மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளுக்கிடையேயுள்ள சந்துகளிலும், அருகே ஃபோர்ட் கொச்சித் தோபிகானாவைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வயது முதிர்ந்த தாயார் ஒருவர், மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றிருந்த நேரத்தில் என்னிடம், "பாஸ்டர் ஐயா, சாப்பாட்டுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஆனா எனக்கு ஒரு வேலையும் இல்லையே" என்றார். பிள்ளைகள் அன்பினாலேயே அவரை எதையும் செய்யவிடவில்லை. பேரப்பிள்ளைகளோ பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறவர்கள். தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் எழுத்துத் தெரியாமல் விழிப்பவர்கள். கிரானி பிராண்டைக் குறித்து அக்குடும்பத்தாரிடம் பேசினேன். மருமகள் அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வாங்கி வந்தார். இப்போது மாலை ஜெபத்திற்கு முன் அரைமணி நேரம் பாட்டியே ஆசிரியை. மூத்த பேரன் சங்கீதங்களை எழுத்துக் கூட்டி வாசிக்கிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு லோவிசாள் இருக்கக்கூடும். கட்டிலில் அமர்த்தி, வேளைக்கு மருந்து கொடுத்து, "நீங்கள் சும்மா இருங்கள் அம்மா" என்று சொல்லுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர் ஊரில் தனித்திருப்பாரானால், தொலைபேசியில் "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு, "இன்று யாருக்காக ஜெபித்தீர்கள் அம்மா? எங்களுக்கும் அதைச் சொல்லுங்கள்" என்றும் கேளுங்கள். அவர் சொல்லும்போது பேரப்பிள்ளைகளையும் அருகில் அமர்த்துங்கள். தேவாலயத்தைவிட்டு நீங்காதிருந்த அன்னாள் தீர்க்கதரிசிக்கு வயது 84 என்று லூக்கா எழுதி வைத்தது, முதியோரை நாம் கணக்கிலிருந்து நீக்கிவிடாதபடிக்கே அல்லவா?

முதிர்ந்த தாய்மாரே, உங்கள் மூங்கில் கோல் எதுவோ அதை ஊன்றி எழுந்திருங்கள். நீங்கள் ஏற வேண்டிய மலை உங்கள் வீட்டுத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளையாக இருக்கலாம். கர்த்தர் உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.