மாமா என்றால் அம்மா

எங்கள் சிட்லபாக்கத்தில் டு-லெட் பலகை மாட்டினால் ரெண்டு நாளில் ஆள் வந்துவிடும். ஒரு பக்கம் குரோம்பேட்டை எம்.ஐ.டி., இன்னொரு பக்கம் சானடோரியம் மெப்ஸ், அந்தாண்டை சேலையூர், கேம்ப் ரோடு என்று காலேஜ்கள். பலகைக்குக் கீழே பொடி எழுத்தில்தான் விஷயமே இருக்கும். "ஃபேமிலி மட்டும்." "சைவம் மட்டும்." "பேச்சலர் வேண்டாம்." இந்த மூணு வரியையும் தாண்டி ஒரு உள்ளூர்ப் பையனுக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு. அப்போ தான்சானியாவிலிருந்து வந்த பையனுக்கு?

2022 ஆகஸ்டில் எங்கள் மாடி போர்ஷன் காலியானது. புரோக்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் தான்சானியா. பக்கத்திலேயே ஒரு காலேஜில் இளங்கலை. பெரியவனுக்கு 21, சின்னவனுக்கு 19. (பேர் வேண்டாமே, அவர்கள் அனுமதி இல்லாமல் எழுதுவது நியாயமில்லை.) புரோக்கர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், ஃபாரின் பசங்க. அஞ்சாயிரம் கூட்டிச் சொல்லுங்க, தருவாங்க" என்றார்.

ஃபாரின் என்றால் பணம் என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்போது நம்ம ஒரு ரூபாய்க்கு அவர்கள் ஊர்க் காசு சுமார் 30 ஷில்லிங். பன்னிரண்டாயிரம் வாடகை என்றால் மூணரை லட்சம் ஷில்லிங்குக்கு மேல். போதாக்குறைக்கு, மாணவர் விசாவில் இந்தியா வருபவர்கள் இங்கே பார்ட்-டைம் வேலை பார்க்க முடியாது. வீட்டிலிருந்து வருவதுதான் வருமானம், அது எந்த மாதம் எந்தத் தேதிக்கு வரும் என்று பேங்குக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

அதுவரை எங்கே இருந்தீங்கப்பா என்று கேட்டேன். மூணு பேர் ஒரே ரூமில் இருந்திருக்கிறார்கள். வாடகை அதிகம், ஆனால் அக்ரிமெண்ட் கிடையாது. கேட்டால், "பேப்பர்லாம் எதுக்கு? இஷ்டமிருந்தா இரு" என்று பதில். இதில்தான் சிக்கலே இருக்கிறது மக்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு வாடகை அக்ரிமெண்ட் என்பது கேஸ் கனெக்‌ஷனுக்குக் கொடுக்கும் காகிதம். வெளிநாட்டு மாணவருக்கு அது உயிர்நாடி. 180 நாளுக்கு மேல் போகும் விசாவில் வந்தால், வந்து இறங்கிய 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். 2018-லிருந்து இது ஆன்லைன். முகவரிக்கு ஆதாரமாக அக்ரிமெண்டோ, வீட்டுக்காரர் கொடுத்த சி ஃபார்மோ வேண்டும். சி ஃபார்ம் என்பது, "என் வீட்டில் இன்னார் வந்து தங்கியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிப்பது. லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். மாடி போர்ஷனுக்கும் உண்டு. அப்போது 1946-ம் வருஷத்துச் சட்டம் இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் வீடு கொடுப்பவர் தகவல் சொல்ல வேண்டும் என்கிற கடமை அப்படியேதான் இருக்கிறது.

ஆக, பேப்பர் கொடுக்காத வீட்டுக்காரர் வெறும் கறார் பேர்வழி இல்லை. அந்தப் பையன் இந்த நாட்டில் சட்டப்படி இருப்பதையே ஆட்டிவைக்கிற ஆள். அதனால்தான் அங்கே வாடகை அதிகம். பையன் எதிர்த்துப் பேச முடியாது இல்லையா?

எங்கள் வீட்டில் ரெண்டு நாள் விவாதம் நடந்தது. ரங்கமணிக்குப் பயம். "போலீஸ், பாஸ்போர்ட்னு நமக்கெதுக்கும்மா வம்பு?" என்றார். நானே உட்கார்ந்து அந்த வெப்சைட்டில் பதிவு செய்தேன். ஆதார், வீட்டு வரி ரசீது, பாஸ்போர்ட் விசா ஸ்கேன். முக்கால் மணி நேரம் ஆனது, அதில் அரை மணி நேரம் ஓ.டி.பி.க்குக் காத்திருந்தது. இவ்வளவுதான் வம்பு :-)

அட்வான்ஸ் மூணு மாதம் வாங்கினோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது வேதவாக்கு மாதிரி. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ரெண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூணு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. இந்த "மூணு மாசம்" பின்னால் இன்னொரு இடத்தில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் சின்னவன் மாடிப்படியில் இறங்கி வந்து, "மாமா, மோட்டார் போடட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டான். ஈஸிசேரில் இருந்த ரங்கமணி, "போடுப்பா" என்றார். அவன் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்! அப்புறம்தான் தெரிந்தது, ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. அப்பாவுக்கு பாபா. அண்ணனுக்கு காக்கா, அக்காவுக்கு தாதா. எங்கள் ஏரியா தாதாக்கள் கேட்டால் என்ன ஆவார்களோ. சாயும் சபாத்தியும் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகாமூ" என்று வணங்க வேண்டும், பெரியவர்கள் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். தினம் காலையில் வணக்கம் சொல்லும் பிள்ளைகளை இந்தத் தெருவில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களின் உகாலி நம்ம களிதான், கேழ்வரகுக்குப் பதில் வெள்ளைச் சோள மாவு. மாவு கிடைக்காத நாட்களில் ரவையில் கிண்டினார்கள். உப்புமாவுக்குத் தாளிக்க மறந்த மாதிரி இருந்தது.

தெரு சும்மா இருக்குமா? நாலு வீடு தள்ளி ஒரு சார், "பொம்பளைப் பிள்ளைங்க இருக்கற தெரு, யோசிச்சீங்களா?" என்று ரங்கமணியைக் கேட்டார். எதிர்வீட்டு மாமி தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டார், ரெண்டு பேர் எவ்வளவு குளிப்பார்களோ என்று! அசோசியேஷன் மீட்டிங்கில் பொதுப்படையாக ஒரு பேச்சு வந்தது. "யாரு யாருக்கோ வீடு விடறாங்க..." அந்த "யாரு யாருக்கோ" இருக்கிறதே, அதற்கு பதில் சொல்லவும் முடியாது, கேட்டும் இருக்க முடியாது.

சினிமாவாக இருந்தால் அடுத்த சீனில் வெள்ளம் வரும், இந்தப் பையன்கள் அந்த சாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெருவே கண்ணீர் விடும். அப்படி எதுவும் நடக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அவர்களும் எங்களை மாதிரியே கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த சார் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. வாடகைக்கு வீடு கிடைக்க ஒருத்தன் ஹீரோவாக இருக்கணுமா என்ன? நேரத்துக்கு வாடகை, ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் இல்லை. போதாதா?

அதே 2023 அக்டோபரில் என் அக்கா பொண்ணு ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போனாள், ஆகன் நகரத்துக்கு. முடக்கப்பட்ட கணக்கு என்று ஒன்றில் அந்த வருஷத்துக்கு 11,208 யூரோ போட்டுக் காட்டிய பிறகுதான் விசா. (2024 செப்டம்பரிலிருந்து அது 11,904.) பணத்தை அக்கா எப்படியோ புரட்டிவிட்டாள். வீட்டைப் புரட்ட முடியவில்லை. மாணவர் விடுதிக்கு வெயிட்டிங் லிஸ்ட். அறுபது மெயிலுக்கு மேல் அனுப்பி நாலு பதில் வந்தது. அதில் ஒன்று, "நான் லண்டனில் இருக்கிறேன், 1,100 யூரோ அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்." புத்திசாலிப் பொண்ணு, அனுப்பவில்லை. அஞ்சு வாரம் ஒரு சீனியர் ரூமில் தரையில் படுக்கை.

ஒரு ராத்திரி போனில், "சித்தி, தமிழ்ப் பேரைப் பார்த்ததும் பதில் போட மாட்டேங்கறாங்களோன்னு தோணுது" என்றாள். என்னால் உடனே ஒன்றும் சொல்ல முடியவில்லை. மேலே மாடியில் பையன்கள் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

அங்கேயும் காகிதம்தான். குடிபோன ரெண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு சான்று வேண்டும். அதன் பேர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். அந்த வார்த்தைக்கே தனி போர்ஷன் வேணும்! அது இல்லாமல் ரூம் தருபவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அங்கேயும் வாடகை அதிகம். அட்வான்ஸுக்கு அங்கே சட்டப்படி உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? மூணு மாத வாடகை. (சொன்னேனே!) கடைசியில் ஒரு பாட்டியம்மா ரூம் கொடுத்தார். தினம் ஜன்னலைத் திறந்து காற்று விட வேண்டும், தாளிக்கும்போது கட்டாயம் திறக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. அவர் இவளிடம் கேட்ட கேள்விகளை அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை பேர் வருவாங்க, என்ன சமைப்பே, அப்பா என்ன பண்றார்... எல்லாம் நான் மாடிப் பையன்களிடம் கேட்டது.

1914-ல் நம்ம ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனாரே, டிரினிட்டி காலேஜ் ரூமில் தானே சமைத்துச் சாப்பிட்டவர். ராத்திரி குளிரில் நடுங்குகிறார் என்று அறிந்து மஹலனோபிஸ் போய்ப் பார்த்தால், கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உலகமே கொண்டாடிய மூளைக்கும் படுக்கை எப்படி விரித்திருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் தாம்பரத்துக்கு 1937-ல் எம்.சி.சி. வந்தபோது ஹால் என்கிற விடுதிகளையும் சேர்த்தே கட்டினார்கள். படிப்பு வகுப்பில் மட்டும் நடப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதைய எல்லாக் காலேஜும் அப்படி இல்லை. அட்மிஷன் அவர்களுடையது, குடித்தனம் தெருவினுடையது.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். 2024 ஆரம்பத்தில் சின்னவனின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், ஃபீஸ் வரவில்லை. ஃபீஸ் கட்டாமல் காலேஜில் போனஃபைடு சர்டிஃபிகேட் தரவில்லை. போனஃபைடு இல்லாமல் தங்கும் அனுமதியை நீட்டிக்க முடியாது. பதினோரு நாள்தான் பாக்கி. என் கையில் இருந்தது அக்ரிமெண்டும் சி ஃபார்மும், ரெண்டும் பக்காவாக இருந்தன. மூணாவது காகிதம் எங்களிடம் இல்லை. அவன் ஊர் சீனியர்கள் கூடிப் பேசினார்கள், கொஞ்சம் சேர்த்தார்கள், போதவில்லை. கெடு தாண்டித் தங்கி அபராதம், எக்ஸிட் பர்மிட் என்று மாட்டிக்கொள்வதற்கு முன்னால் அவன் டிக்கெட் போட்டுக் கிளம்பிவிட்டான். மூணு வருஷப் படிப்பில் பாதி. அட்வான்ஸில் அவன் பங்கை அன்றைக்கே கொடுத்துவிட்டோம். "ஷிகாமூ, மாமா" என்றான். மரஹபா சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

பெரியவன் 2025-ல் முடித்தான். அக்கா பொண்ணுக்கு அங்கே வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். அவள் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி வாடகையைச் சமாளித்தாள். இங்கே அந்த ஒரு வாசல் திறந்திருந்தால் சின்னவன் பட்டம் வாங்கியிருப்பானோ என்று இப்போதும் தோன்றும்.

தாம்பரம் பக்கம் வீடு வைத்திருக்கும் பதிவர்களே, ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கிறீர்களோ இல்லையோ, கொடுத்தால் பேப்பரோடு கொடுங்கள். முக்கால் மணி நேர வேலை. மாடி இப்போது மறுபடி காலி. பலகையில் பொடி எழுத்து எதுவும் போடவில்லை.

டிஸ்கி: உகாலி ரெசிபி கேட்பவர்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். தாளித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு :-)