காப்பி யந்திரமும் குழாய்த் தண்ணீரும்

பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் காப்பியைப் பற்றிய பேச்சு ஒருநாளும் காப்பியோடு நிற்பதில்லை. அது தண்ணீரில்தான் போய் முடியும். "கொட்டை அதே கொட்டை, பாலும் நல்ல பால், ஆனாலும் ஊர்க் காப்பியின் ருசி இல்லையே!" என்று ஒருவர் தொடங்குவார். "தண்ணீர் அப்படி" என்று மற்றொருவர் தீர்ப்புச் சொல்வார். இத்தீர்ப்பை வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளிவிட முடியாது. ஒரு குவளைக் காப்பியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருப்பது தண்ணீரே அல்லவா?

வீட்டில் வைக்கும் எஸ்பிரெஸோ யந்திரத்தைக் குழாய்த் தண்ணீரோடு இணைப்பது எப்படி என்று அன்பர்கள் சிலர் எங்களைக் கேட்டார்கள். கேட்டதற்குக் காரணம், அவ்வாறு இணைத்த யந்திரம் ஒன்று டில்லியில் எங்கள் குடித்தனத்தில் ஓடிக்கொண்டிருப்பதுதான். ரயில்வே குமாஸ்தா வீட்டில் இத்தகைய யந்திரம் எப்படி வந்தது என்று நேயர்கள் வியக்க வேண்டாம். பெங்களூரில் உத்தியோகம் பார்த்த எங்கள் தம்பி கடல் கடந்து போகையில் தன் யந்திரத்தை எங்களுக்கு அனுப்பி வைத்தான்.

யந்திரத்தின் பின்புறத்தில் மூன்று லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று உண்டு. மேடைமேல் யந்திரம், அதன் உச்சியில் தொட்டியின் வாய். தோளுக்குமேல் கையைத் தூக்கித்தான் நீர் ஊற்றவேண்டும். எங்கள் அன்னையாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வலத்தோள் மேலே எழும்பாது. வருகிறவர்களுக்குத் தம் கையால் காப்பி கலந்து கொடுப்பதையே ஐம்பது ஆண்டுகளாக உபசாரம் என்று கருதி வந்தவர் அவர். "தண்ணி ஊத்த ஒரு ஆளைக் கூப்பிட்டுண்டு காப்பி கலக்கறதுக்கு, நான் சும்மாவே உட்கார்ந்திருக்கலாமேடா" என்றார். அச்சொல் எங்களை உறுத்தியது. தொட்டியில் யாரும் நீர் ஊற்ற வேண்டாத ஏற்பாடு தேவை என்று அன்றே முடிவு செய்தோம்.

முதலில் யந்திரத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறோம். எஸ்பிரெஸோ என்பது, பொடியினூடே வெந்நீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் செலுத்தி இறக்கும் கஷாயம். வீட்டு யந்திரங்களில் இவ்வழுத்தத்தைக் கொடுக்கும் பம்பு இரு வகை. ஒன்று அதிர்வுப் பம்பு. இது பொதுவாகத் தொட்டியிலிருந்து உறிஞ்சுவதற்கென்றே அமைந்தது. மற்றொன்று சுழல் பம்பு. குழாயிலிருந்து தானாகவே தள்ளிவரும் நீரை வாங்கிக்கொள்ள வல்லது இதுவே. எங்கள் யந்திரத்தில் இருப்பது சுழல் பம்பு. தொட்டி, குழாய் ஆகிய இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளும் திருகும் அதில் உண்டு. இவ்வசதி இல்லாத யந்திரத்தைக் குழாயோடு பூட்ட முயல்வது வீண் செலவு.

குழாயோடு யந்திரத்தை இணைக்கும் வழக்கம் இத்தாலியில் வேர்கொண்டது. மிலான் நகரத்து ஃபேமா நிறுவனம் 1961-ல் வெளியிட்ட ஈ-61 என்ற யந்திரம், நகரக் குழாயின் குளிர்ந்த நீரை நேரே வாங்கி, மின்சாரப் பம்பினால் 9 பாருக்கு உயர்த்தி, சூடேற்றிப் பொடிக்கு அனுப்பியது. அதற்கு முன், காஜியா என்பாரின் யந்திரத்தில் கடைக்காரர் நெம்புகோலைக் கையால் இழுத்துத்தான் அழுத்தம் உண்டாக்கினார். ஈ-61 அவருடைய கைக்கு ஓய்வு கொடுத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு பகல் எந்நேரம் திறந்தாலும் குழாயில் நீர் இருக்கும் என்பது அவ்வூர்க்காரர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் மேல்தான் அந்த யந்திரமே நிற்கிறது.

நம் குடித்தனங்களின் நிலை வேறு. காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் நீர் வரும். அதைப் பிடித்து மாடித் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்கிறோம். மாடித் தொட்டியிலிருந்து யந்திரத்துக்கு நேரே இணைத்தால் என்ன என்று தோன்றலாம். பத்து மீட்டர் உயரத்து நீர் தருவது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். எங்கள் தொட்டி அடுக்களைக் குழாய்க்கு ஐந்து மீட்டர் மேலே இருக்கிறது. ஆகவே கிடைப்பது அரை பார். யந்திரத்தோடு வந்த கையேடு கேட்பதோ இரண்டு பார். நீர் போதாமல் சுழல் பம்பு ஓடினால் அது இரைந்து, தேய்ந்து, விரைவில் பாழாகும்.

குழாய்ப் பணிக்கு வந்தவர் இதற்கு ஒரு சுலப வழி சொன்னார். தெருவிலிருந்து வரும் பொதுக் குழாயிலேயே ஒரு மோட்டாரை வைத்து, அங்கிருந்து நேரே யந்திரத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார். அக்கம்பக்கத்தில் பலர் செய்வதுதான் என்றும் சொன்னார். நாங்கள் உடன்படவில்லை. பொதுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிக்குப் புறம்பானது. அத்துடன், எங்கள் கட்டடத்தில் குழாய் ஒன்று, குடித்தனம் ஆறு. ஒருவர் உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குச் சொட்டும் வராது. இன்னொரு தீங்கும் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் பழைய குழாய்களில் கசியும் இடங்கள் எத்தனையோ. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை நீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சி அழுத்தம் குறைந்தாலோ, வெளியே தேங்கிய சாக்கடை நீர் உள்ளே நுழையும். எங்கள் அன்னையாரின் காப்பிக்காகக் கீழ்வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருவதை எப்படிச் சம்மதிக்க முடியும்?

வழி எங்களுக்கு எங்கள் உத்தியோகத்தில்தான் கிடைத்தது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் எந்த எஞ்சினும் ஆற்றில் வாய் வைத்துக் குடித்ததில்லை. ஆற்று நீரையோ கிணற்று நீரையோ ஸ்டேஷன் அருகில் உயர்ந்த தொட்டியில் ஏற்றுவார்கள். நீர் உப்பு மிகுந்ததாயிருந்தால் அதைப் பக்குவம் செய்வார்கள். பிறகே அது எஞ்சினுக்குப் போகும். பக்குவம் செய்யாத நீர் கொதிகலனுக்குள் சுண்ணாம்புப் படலமாகப் படிந்து, நிலக்கரியைத் தின்னும்; குழாய்களையும் கெடுக்கும். அகலப் பாதையில் நீராவி வண்டிகள் 1995-ல் ஓய்ந்தன. ஆயினும் ரேவாரியில் பழைய எஞ்சின்களை இன்றும் பேணி வைத்திருக்கிறார்கள். எஸ்பிரெஸோ யந்திரமும் சிறு கொதிகலன்தானே? பொதுக் குழாய்க்கும் கொதிகலனுக்கும் நடுவே ஓர் இடைத்தொட்டி வேண்டும். நீரும் பக்குவமாக வேண்டும். இதுவே நாங்கள் கைக்கொண்ட கொள்கை.

பக்குவத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். டில்லிக்கு யமுனை நீர் உண்டு, கங்கை நீர் உண்டு, பக்ரா நீர் உண்டு, நிலத்தடி நீரும் உண்டு. எங்கள் குழாயில் நதி நீர் வரும் நாளில் கரைந்த உப்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆழ்குழாய் நீர் கலக்கும் நாளில் 600-ஐத் தாண்டும். குடிநீருக்கான இந்தியத் தர விதி 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. குடிப்பதற்கு அது போதும், கொதிகலனுக்குப் போதாது. காப்பித் துறையின் சர்வதேச சங்கம் ஒன்று 150-ஐ இலக்காகவும், 75 முதல் 250 வரை ஏற்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது.

அப்படியானால் உப்பே இல்லாத நீர் உத்தமம் அல்லவா என்று கேட்கலாம். அன்று. உப்பு முழுதும் நீங்கிய நீரில் காப்பி சப்பென்று இருக்கும்; கொதிகலனின் உலோகத்தையும் அது அரிக்கும். மேலும், கொதிகலனுக்குள் நீர்மட்டம் பார்க்க ஓர் உலோகக் குச்சி இருக்கிறது. நீர் குச்சியைத் தொட்டதும் சிறிதளவு மின்சாரம் நீரின் வழியே பாயும். உடனே நீர் நிரப்புவது நிற்கும். மின்சாரத்தைக் கடத்துவது நீரில் கரைந்த உப்பு. உப்பே இல்லாவிட்டால், நீர் நிரம்பியும் நிரம்பவில்லை என்று எண்ணி யந்திரம் மேலும் மேலும் நிரப்பிக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டு ஆர்.ஓ. வடிகட்டியில் உப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. கையடக்கமான டி.டி.எஸ். மீட்டரால் அளந்து, அதை 150-ல் நிறுத்தினோம். ஆனால் அம்மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். சுண்ணாம்பு எவ்வளவு என்பதைத் தனியே காட்டாது. அதற்குக் கடினத்தன்மை பார்க்கும் காகிதப் பட்டை கிடைக்கிறது. இரண்டையும் பார்ப்பது நலம். வடிகட்டி கழித்துவிடும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறோம். அது நல்ல நீரைவிட அளவில் அதிகம், வீணாக்கலாகாது.

இனி ஏற்பாட்டைச் சொல்கிறோம். வடிகட்டியின் நீர் மேடைக்கு அடியில் உள்ள 20 லிட்டர் கேனில் விழுகிறது. குழாயின் முனை கேன் நீரில் தோயாமல் மேலேயே நிற்கும். ஆகையால் யந்திரத்தின் நீர் திரும்பிப் பொதுக் குழாய்க்குப் போக வழியே இல்லை. கேனிலிருந்து ஒரு சிறு பம்பு நீரை எடுக்கிறது. யந்திரம் கேட்கும்போது அது ஓடும். அழுத்தம் நிறைந்ததும் தானே நிற்கும். அடுத்து வண்டல் வடிகட்டி. அதன்பின் நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. பிறகு அழுத்தக் குறைப்பான். அதன் முள்ளை இரண்டு பாரில் நிறுத்தியிருக்கிறோம். கடைசியாகக் கைக்கெட்டும் இடத்தில் அடைப்பு வால்வு. அங்கிருந்து கம்பி பின்னிய குழாய் யந்திரத்துக்குப் போகிறது. ஜாயின்ட்டுகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றி, அளவோடு முடுக்கினாலே போதும். பலங்கொண்ட மட்டும் முடுக்கினால் பித்தளை மரை வெடிக்கும். முதல் முறை நீர் விட்டபின் ஒரு வாளி நீரை ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும். குழாயின் புது வாசனை போய்விடும்.

கேன் தானாகவே நிரம்பும்படி ஒரு மிதவை வைத்துவிடலாமே என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். வேண்டாம் என்றோம். மிதவை ஒருநாள் சிக்கிக்கொண்டால் மாடித் தொட்டி முழுவதும் எங்கள் அடுக்களை வழியே கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும். கீழ்வீட்டில் இருப்பவர் தனியே வாழும் வங்காள அம்மையார்; நாங்கள் மாஷிமா என்று அழைப்போம். ஆகவே வாரம் ஒருமுறை, எங்களில் ஒருவர் அருகில் நின்று குழாயைத் திறந்து கேனை நிரப்புகிறோம். தூக்குவதும் இல்லை, ஊற்றுவதும் இல்லை. எது எப்படிக் கெட்டாலும் வெளியே வரக்கூடியது 20 லிட்டர், அவ்வளவே. இரவில் படுக்கும்முன் அடைப்பு வால்வை மூடி, பம்பின் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். ஊருக்குப் போகும்போதும் அப்படியே.

இந்த ஒழுங்கின் பயனை மூன்றாம் மாதத்திலேயே கண்டோம். யந்திரத்தின் பின்னால் ஒரு ரப்பர் வளையம் பழுதாகிக் கசிந்தது. காலையில் பார்த்தபோது குழாயில் தங்கியிருந்த நீர்தான் மேடையில் பரவியிருந்தது. ஒரு துண்டு நனைந்ததோடு சரி. மாஷிமா வீட்டுக் கூரையில் ஒரு துளி ஈரம் இல்லை. எட்டணாப் பெறாத வளையம்தான். இரவெல்லாம் நீர் பாயும் இணைப்பாயிருந்தால் அவர் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சே பெயர்ந்து விழுந்திருக்கும்.

இப்போது அன்னையார் பொத்தானை அழுத்துகிறார், கஷாயம் இறங்குகிறது, பாலைக் கலந்து டவரா டம்ளரில் ஆற்றித் தருகிறார். பித்தளை ஃபில்டரின் முதல் டிகாக்ஷனுக்கு இது ஈடாகாது என்பது அவருடைய அபிப்பிராயம். அதை மறுத்துப் பேச நாங்கள் யார்? ஆயினும் மாஷிமா மாலையில் மேலே வந்தால் அவரை உட்காரவைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் தாமே எழுந்து அடுக்களைக்குப் போகிறார்.

அயலூரில் வாழ்கிற நமக்குச் சொந்தம் என்று இருப்பது கொஞ்சம். பிறரோடு பங்கிட்டுக்கொண்டிருப்பது அதிகம். சுவர் பொது, கூரை பொது, குழாயும் பொது. புதிதாக ஒரு சௌகரியத்தை வீட்டுக்குள் கொண்டுவரும்போது, அது எந்தக் குழாயில் வாய் வைக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. யந்திரம் வாங்கும் அன்பர்கள் கடையில் காப்பியின் ருசியைக் கேட்பதோடு, பம்பு எவ்வகை, எவ்வளவு அழுத்தம் வேண்டும், எத்தகைய நீர் வேண்டும் என்ற மூன்றையும் கேட்டறிந்துகொள்வார்களாக. இணைத்தபின் அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள எல்லோரும், குழந்தைகள் உட்பட, தெரிந்து வைத்திருப்பார்களாக.