காசல்ரீ நீரில் ஒரு காலைப் பொழுது

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏழடி அகலமே உள்ள ஒடுங்கிய படகுகள் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும். இலையுதிர் காலத்தில் அவற்றில் ஏறிச் செல்வது அந்நாட்டாருக்குப் பேரின்பம். அத்தகைய நீர்ப்பயணத்தை நம் மலைநாட்டில் நாடுவோர் ஐப்பசி மாதத்தில் நோர்வூட்டுக்கு வரலாம்.

இங்கே இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. தேயிலைச் செடியின் இலை உதிர்வதில்லை, கொய்யப்படுகிறது. ஐப்பசியில் பிற்பகலானால் இடியுடன் மழை பொழியும். ஆதலின் காலையிலேயே படகேறுதல் நன்று.

பொகவந்தலாவைப் பக்கமிருந்து வரும் கெஹெல்கமு ஓயா நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. பனி விலக விலக, இருகரையிலும் தேயிலைச் சரிவுகள் தோன்றுகின்றன. ஒரு கரையில் 1878ஆம் ஆண்டில் எழுந்த வார்லி தேவாலயம் நிற்கிறது. வானம் தெளிந்தால் சிவனொளிபாத மலையும் காட்சி தரும்.

இந்த ஏரி இயற்கை தந்ததன்று. 1965இல் அணைகட்டி ஆற்றை மறித்ததால் உண்டானது. படகு மிதக்கும் இடம் முன்னர் பள்ளத்தாக்காக இருந்தது.

இங்கிலாந்துக் கால்வாய்களும் உல்லாசத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. நிலக்கரியும் மட்பாண்டமும் சுமக்கவே அவை பிறந்தன. படகோட்டிகள் பலர் மனைவி மக்களோடு பத்தடி நீளமுள்ள சிற்றறையில் வாழ்ந்தனர். ஓரிடத்தில் தங்காததால் அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு எட்டாக்கனியாயிற்று. நம் லயத்து ஒற்றை அறைகளை அறிந்தவர்க்கு அவ்வாழ்க்கையை விளக்க வேண்டுவதில்லை.

அங்கே நீர் நிலக்கரியைச் சுமந்தது. இங்கே ஒளியைச் சுமக்கிறது. இம்மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீரால் இயங்கும் நிலையம் 1965 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்த ஒளி கொழும்பு நகரின் வீதிகளில் சுடர்ந்த காலத்திலும், நீர் பிறந்த மலைகளின் லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது.

இன்று இங்கிலாந்தில் சுமைப்படகுகள் உல்லாசப் படகுகளாகிவிட்டன. காசல்ரீக்கும் பயணிகள் வருகின்றனர். நீரின் அழகைக் கண்டு மகிழ்வது குற்றமன்று. ஆயினும் படகிலிருந்து கரையை நோக்கும் மாணவர்கள், மலைச்சரிவின் பசுமையோடு நின்றுவிடாமல், அதனிடையே கூடை சுமந்து நிற்கும் பெண்களையும் காணவேண்டும். அவர்களையும் கண்டால்தான் இந்த ஏரியைக் கண்டவராவோம்.